ஐயா சொன்னதாக ஒரு வசனம்

மூன்றாவது தடவையும் இருமல் சரியாக வந்தது. முதலில் தொண்டையில் ஒரு செருமல், பிறகு நெஞ்சுக்குள்ளிருந்து வறண்டு வரும் இருமல், அது முடிகிற இடத்தில் அந்தச் சிரிப்பு. மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த முத்துச்செல்வி ஈரச் சேலையைக் கையில் வைத்தபடி திரும்பிப் பார்த்தாள்.

“செத்தவரு எந்திரிச்சு வந்த மாதிரியே இருக்கு. வீட்டுக்குள்ள வச்சு இதச் செய்யாதீகண்ணே.”

“மாடிதானேம்மா,” என்றான் கருப்பு.

“மாடி என்ன பக்கத்து வீட்டுக்காரனோடதா?”

தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் பீமாராவ் சிரிக்கவில்லை. மடியில் இருந்த தாளில் ஒரு சொல்லை அடித்துவிட்டு அதையே மறுபடி எழுதினான்.

“கடைசி வரிய ஒருக்காச் சொல்லு,” என்றான்.

கருப்பு கண்ணை மூடிக்கொண்டான். கன்னம் தளர்ந்து தொங்கியது. கீழுதடு சற்று முன்னால் வந்தது. ஷேர் ஆட்டோ ஓட்டுகிற ஒல்லியான ஆள் போய், கப்பலூர் அட்டைக் கம்பெனி முதலாளி சுந்தரவடிவேல் வில்லாபுரத்து மொட்டை மாடியில் நின்றார்.

“மருதுவக் குழிக்குள்ள எறங்கச் சொன்னது நான்தாம்ப்பா. பக்கத்துலதான் நின்னேன்.”

முத்துச்செல்வி சேலையைக் கொடியில் போடாமல் வாளிக்குள்ளேயே வைத்துவிட்டுக் கீழே போனாள்.

சுந்தரவடிவேல் செத்து அன்றைக்கு முப்பதாம் நாள். சாயங்காலம் திருமங்கலம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் படத்திறப்பு. உயிரோடு இருந்தபோது அவரை ஊர் ஊராகக் கிண்டல் செய்த நாடகத்தை எழுதியவன் பீமாராவ். அதில் அவராக நடித்தவன் கருப்பு. இருவரையும் படத்திறப்புக்கு அழைத்தது செத்தவரின் மகன் ராம்கி.

போன வாரம் ராம்கி காரைத் தெருமுனையில் விட்டுவிட்டு நடந்தே வந்தான். முத்துச்செல்வி கொடுத்த டீயை முழுதாகக் குடித்தான். டம்ளரைக் கீழே வைக்க இடம் தேடி, கடைசியில் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினான்.

“வீடியோ ஆயிரம் இருக்குண்ணே. எல்லாத்துலயும் ரிப்பன் வெட்டுறாரு, இல்லாட்டி குத்துவிளக்கு ஏத்துறாரு. சிரிக்கிற மாதிரி ஒண்ணுகூட இல்ல. அம்மா சாப்பிட மாட்டேங்குறாங்க. அவரு சிரிப்ப ஒருதடவ கேக்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. நான் எங்க போவேன்? அது உங்க ஆளுகிட்டதான் இருக்கு.”

“அது அவர நக்கலடிக்க எழுதுனது தம்பி.”

“தெரியும்ண்ணே. அப்பாவே சொல்லுவாரு. ஒத்தக்கடைக்காரன் ஒருத்தன் என்னயவிட நல்லா என்னய மாதிரி பேசுறான்னு.” டம்ளரை மறு கைக்கு மாற்றினான். “அந்தக் குழி சீன் மட்டும் வேணாம்ண்ணே. துக்க வீடு பாருங்க.”

பீமாராவ் முடியாது என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கதவோரம் நின்றிருந்த கருப்பு, “வாரோம் தம்பி. அம்மாகிட்டச் சொல்லிருங்க,” என்றான்.

ராம்கி போனதும் சண்டை வந்தது. “ஒங்கண்ணனக் கொன்னவனுக்கு நீ போய் ஒப்பாரி வைக்கப் போறியாடா?” என்று பீமாராவ் கேட்டான். கருப்பு தரையைப் பார்த்தபடி சொன்னான்.

“மதினி என்னடா கேக்குது? அவரு வாயால சொல்லட்டும்னுதான கேக்குது. அவரு வாய் இப்ப யாருகிட்ட இருக்கு?”

 பீமாராவ் அன்றே தாள் எடுத்து உட்கார்ந்தான்.

மருது கருப்பின் அண்ணன். அட்டைக் கம்பெனியில் கூழ்க் கழிவு தேங்குகிற குழியில் மோட்டார் அடைத்துக்கொண்டபோது உள்ளே இறங்கினான். குனிந்தவன் நிமிரவில்லை. குடிபோதையில் தவறி விழுந்ததாக, பீமாராவ் வேலை பார்க்கும் மாலைப் பத்திரிகையிலேயே நாலு வரி வந்தது. மருதுவுக்குக் குடிப்பழக்கமே கிடையாது. டீயே அரை டம்ளர்தான் குடிப்பான். விசாரணையில் சுந்தரவடிவேல், நான் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்றார். குழி ஓரத்தில் அவர் நின்றதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். பிறகு அவர்களும் ஊரில் இல்லாதவர்கள் ஆனார்கள்.

மருதுவின் மனைவி தங்கப்பொண்ணு அதற்குப் பிறகு வருடா வருடம் அந்தத் தேதியில் ஒத்தக்கடையிலிருந்து பஸ் மாறிக் கப்பலூர் போய், கம்பெனி வாசலில் நிற்பாள். கோஷம் கிடையாது, அட்டை பிடிப்பது கிடையாது. வாட்ச்மேன் கேட்டால், “அவரு எறங்கச் சொன்னேன்னு சொல்லட்டும், போயிர்றேன்,” என்பாள். வாட்ச்மேன்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். புதிதாக வருகிறவனுக்கு அவள் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. சில வருடங்களில் முதலாளியின் கார் அவளைத் தாண்டி உள்ளே போகும். கண்ணாடி இறங்கியதில்லை.

பீமாராவும் அந்த அண்ணன் தம்பியும் ஒரே தெரு. ஒத்தக்கடையைத் தாண்டி, மேலூர் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற காலனி. பீமாராவின் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அந்த வயலில் இப்போது ஒரு கல்லூரியின் மஞ்சள் பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. அப்பா மதுரையில் அரசியல் சட்டம் எழுதியவரின் பிறந்தநாள் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து மகனுக்கு அந்தப் பெயரை வைத்தார். அவர் வைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. நகரத்தில் அது வேறு விதமாக வேலை செய்தது.

மாலைப் பத்திரிகையில் உதவி ஆசிரியர் வேலை கிடைத்து, பீமாராவ் தெற்குவாசல் பக்கம் வீடு தேடினான். பெயரைச் சொன்னதும் வீட்டுக்காரர், ராவா, பூர்வீகம் மராட்டியமா, மாத்வ பிராமணாளா என்று தானே கேட்டு, தானே தலையாட்டிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டார். கொஞ்ச நாள் ஏகாதசி, துவாதசி எல்லாம் அவனைக் கேட்டுத்தான் அந்த வீட்டில் நடந்தது. அவன் பத்திரிகையின் ராசிபலன் பக்கத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒருநாள் அப்பா தோளில் அரிசிப் பையும் கையில் உயிரோடு ஒரு சேவலுமாக வாசலில் வந்து நின்று, “எம்மகன் பீமன் இருக்கானா?” என்று கேட்டார். அந்த வாரமே வீட்டுக்காரரின் மகளுக்கு அந்த வீடு அவசரமாகத் தேவைப்பட்டது.

அதுதான் முதல் நாடகம். ‘சாவி’ என்று பெயர். கருப்பு வீட்டுக்காரராக வந்தான். மருது முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். ஒத்திகையிலேயே எல்லாம் கேட்டிருந்ததால் ஒவ்வொரு நகைச்சுவைக்கும் அவன் ஒரு நொடி முன்பே சிரித்துவிடுவான். “டேய், ஒங்கண்ணன வீட்டுலயே விட்டுட்டு வாடா, நாடகம் கெட்டுப்போகுது,” என்று பீமாராவ் கெஞ்சியிருக்கிறான்.

நாடகம் பேர் வாங்கியது. பத்திரிகையில் ‘சைடு ஸ்டாண்ட்’ என்று வாரம் ஒரு கிண்டல் பத்தி எழுதச் சொன்னார்கள். எழுதினான். சாக்கடை மேல் பெஞ்ச் போட்டுத் தன் பெயரை எழுதிவைத்த ஒரு கவுன்சிலரைப் பற்றி எழுதினான். ஆள் கோபப்பட்டு வருவான் என்று இரண்டு நாள் காத்திருந்தான். மூன்றாம் நாள் அந்தப் பத்தியையே பெரிதாக்கி, பக்கத்தில் கவுன்சிலரின் கும்பிட்ட படத்தைப் போட்டு, ‘பத்திரிகைகளே வியந்து போற்றும் எங்கள் அண்ணன்’ என்று பெரியார் பஸ் நிலையம் அருகே பிளெக்ஸ் வைத்திருந்தார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் அதைப் படித்துவிட்டு, அண்ணனுக்கு எம்புட்டுச் செல்வாக்கு என்றார்கள். அங்கே நின்ற பீமாராவ் தன் பஸ்ஸை விட்டுவிட்டான். அடுத்ததையும் விட்டான்.

மருது செத்த பிறகு எழுதிய நாடகம் ‘ஐயா சிரிக்கிறார்’. அதில் முதலாளியின் செருப்பு குழிக்குள் விழும். அதை எடுக்க ஒருவனை இறக்குவார். அவன் வரமாட்டான். அவனை எடுக்க இன்னொருவனை இறக்குவார். கடைசியில் செருப்பு மட்டும் மேலே வரும். ஐயா அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, இருமி, சிரிப்பார். பீமாராவ் அதை எழுதும்போது யாரும் சிரிக்க முடியாது என்று நம்பினான். சங்கக் கூட்டங்களில், கல்லூரிகளில், திருவிழாக்களின் ஓரத்தில் எல்லாம் போட்டார்கள். ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கருப்பு இருமியதுமே விசிலடித்தார்கள்.

திருமங்கலத்தில் போட்டபோது சுந்தரவடிவேலே வந்துவிட்டார். ஆட்கள் கொண்டுவந்த நாற்காலியில் முன்வரிசையில் உட்கார்ந்தார். செருப்புக் காட்சியில்தான் அதிகமாகச் சிரித்தார். மேடையில் கருப்பு இருமினான், கீழே அவர் இருமினார்; எது யாருடையது என்று தெரியவில்லை. முடிந்ததும் மேடை ஏறி பீமாராவுக்குப் பொன்னாடை போர்த்தி, “எம்புட்டு அழகா என்னயப் பாத்திருக்க!” என்று தோளைத் தட்டினார். பீமாராவ் அதைத் தோளிலிருந்து எடுத்து எறிய நினைத்தான். சரிகைப் பக்கம் கழுத்தில் குத்தியது. போட்டோ எடுக்கும் வரை அப்படியே நின்றான். அதற்குப் பிறகு ஐயாவே ரசித்த நாடகம் என்று சொல்லிக் கூப்பிட்டார்கள். குழுவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஒருவன் திருப்பூருக்குப் போனான், ஒருவன் சென்னையில் டி.வி.யில் பெண் வேஷம் போடுகிறான். கருப்பு மட்டும் மிச்சம்.

ஆகவே படத்திறப்புக்கு எழுதிய வசனம்தான் பீமாராவுக்குக் கடைசி நம்பிக்கையாக இருந்தது. கிண்டல் இல்லை, செருப்பு இல்லை. சொந்தக்காரர்களும் ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்திருக்கும் இடத்தில், அவர் குரலில், அவர் ஒருநாளும் சொல்லாததைச் சொல்ல வைப்பது. தங்கப்பொண்ணு அதைக் காதால் கேட்பது. அடி விழும் என்று இருவருக்கும் தெரியும். ஆட்டோவை மண்டபத்து வாசலில் ரோட்டைப் பார்த்தே நிறுத்தினார்கள்.

தங்கப்பொண்ணு பின்வரிசையில், கதவை ஒட்டி உட்கார்ந்தாள். என்ன நடக்கப்போகிறது என்று கருப்பு அவளிடம் சொல்லியிருந்தான்.  பொட்டலத்தில் கொஞ்சம் வெற்றிலை வைத்திருந்தாள். அதைப் பிரிக்காமல் மடியிலேயே வைத்திருந்தாள்.

மேடையில் ஆள் உயரத்துக்குப் படம். சந்தன மாலை. ராம்கி மைக்கைப் பிடித்து, “அப்பாவோட நீண்டகால நண்பர், எழுத்தாளர் பீமாராவ் அவர்கள்,” என்றான். நண்பர் என்ற சொல்லுக்கு முன்வரிசை கை தட்டியது. பிறகு ஒரு பையிலிருந்து துண்டு ஒன்றை எடுத்துக் கருப்பின் தோளில் போட்டான். “அப்பாவோடதுண்ணே. நீங்க போட்டா நல்லாருக்கும்.”

கருப்பு செருமினான். இருமினான். முன்வரிசையில் தலை கவிழ்ந்திருந்த சுந்தரவடிவேலின் மனைவி சட்டென்று நிமிர்ந்தார். பிறகு அந்தச் சிரிப்பு வந்தது. அந்த அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். மண்டபம் முழுக்க ஒரே நேரத்தில் அழுகையும் சிரிப்பும் கிளம்பியது. கருப்பு கம்பெனி கேட்டில் லாரிக்காரனைத் திட்டினான். காய்கறிக்காரியிடம் தக்காளிக்குப் பேரம் பேசினான். போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மகனைக் கூப்பிட்டான். ராம்கி அழுதுகொண்டே சிரித்தான்.

பிறகு கருப்பு துண்டை எடுத்துக் கையில் மடித்தான். மெதுவாகச் சொன்னான்.

“ஒண்ணு மட்டும் பாக்கி இருக்குப்பா. மருதுவக் குழிக்குள்ள எறங்கச் சொன்னது நான்தாம்ப்பா. பக்கத்துலதான் நின்னேன். ஊர்ல இல்லன்னு சொன்னேன். இருந்தேன்.”

மண்டபம் அடங்கியது. மின்விசிறிச் சத்தம் கேட்டது. இந்த அமைதிக்காகத்தான் பீமாராவ் இத்தனை வருடம் எழுதியிருந்தான். மேடை ஓரத்தில் நின்றபடி பின்வரிசையைப் பார்த்தான். தங்கப்பொண்ணு எழுந்து நின்றிருந்தாள்.

முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். “எம்புட்டுப் பெரிய மனசு,” என்றார். பக்கத்தில் இருந்தவர் கை தட்டினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும். தட்டல் பின்னால் பரவிப் போய்க் கதவைத் தொட்டது.

ராம்கி மைக்கை வாங்கிக்கொண்டான். குரல் உடைந்திருந்தது.

“எங்கப்பா இத்தனை வருஷம் இத மனசுல போட்டு வச்சிருந்திருக்காரு. யாருகிட்டயும் சொல்லல. இன்னிக்குச் சொல்லிட்டாரு. இதுக்கு மேல ஒரு மனுஷன் என்ன செய்ய முடியும்? மருது குடும்பத்துல யாராச்சும் வந்திருந்தா தயவுசெஞ்சு மேடைக்கு வரணும்.”

பீமாராவ் பக்கத்தில் நின்றவரின் கையைப் பிடித்தான். “அது நான் எழுதுனதுங்க. அவரு சொல்லல. நான் எழுதுனது.”

“அதேன் பாத்தேன். நல்லா எழுதியிருக்கீக,” என்றார் அவர். “ஒங்ககிட்ட மட்டும் ஐயா மனசத் தொறந்திருக்காரு பாருங்க. குடுத்து வச்சவுக.”

யாரோ தங்கப்பொண்ணை அடையாளம் கண்டு கையைப் பிடித்து முன்னால் கூட்டிவந்தார்கள். அவள் படியில் ஒருமுறை தடுக்கினாள். ராம்கி அவளுக்கு ஒரு பொன்னாடை போர்த்தினான். அவன் அம்மா எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டு, அவள் தோளில் முகத்தைப் புதைத்து, உடம்பு குலுங்க அழுதார். தங்கப்பொண்ணு சிறிது நேரம் கையைத் தொங்கவிட்டபடி நின்றாள். பிறகு அந்த அம்மாவின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கருப்பு படத்துக்குக் கீழே நின்றிருந்தான். முகத்தில் அந்த உதடு இன்னும் முன்னால் தள்ளியபடியே இருந்தது. அதை உள்ளே இழுக்க மறந்திருந்தான்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று வாசலில் மறித்தார்கள். சாப்பிட்டார்கள். வெளியே வந்தபோது ஆட்டோவுக்கு முன்னால் யாரோ காரை நிறுத்தியிருந்தார்கள். அதை எடுக்கும் வரை நிற்க வேண்டியிருந்தது.

“அச்சு அசல் அவரு குரல்தேன் தம்பி,” என்றாள் தங்கப்பொண்ணு. கருப்பிடம் சொல்கிறாளா பீமாராவிடம் சொல்கிறாளா என்று தெரியவில்லை.

“ஆமா மதினி,” என்றான் பீமாராவ்.

“உள்ள கை கழுவுற எடத்துல ஒரு அம்மா சொன்னாக. அதான் சொல்லிட்டாருல்ல, இனிமே நிம்மதியா இருங்கன்னு.” பொன்னாடையை நாலாக மடித்துக் கொடுக்க ஆள் தேடி, யாரும் வாங்காததால் வெற்றிலைப் பொட்டலத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். “இனிமே அந்த வாசல்ல போயி என்னத்தக் கேட்டு நிக்க?”

கருப்பு ஆட்டோவின் பின்னால் போய் நின்றுகொண்டான். செருமினான். அது அவன் சொந்தச் செருமலா என்று பீமாராவுக்குச் சொல்ல முடியவில்லை. சுந்தரவடிவேல் என்கிற மனிதர் செத்த பிறகு நல்லதாக ஒன்றே ஒன்று செய்திருந்தார். அதை அவருக்கு எழுதிக் கொடுத்தவன் இங்கே ரோட்டில் நின்றுகொண்டிருந்தான்.

கார் நகர்ந்தது. கருப்பு அவளை ஏற்றிக்கொண்டு ஒத்தக்கடைக்குப் போனான். பீமாராவ் பஸ்ஸில் வில்லாபுரம் வந்தான்.

மறுநாள் திங்கட்கிழமை. பீமாராவ் வழக்கம்போல் அலுவலகம் போனான். திருமங்கலம் நிருபர் படத்திறப்புச் செய்தியைப் படத்தோடு அனுப்பியிருந்தார். படத்தில் அந்த அம்மா தங்கப்பொண்ணைக் கட்டிக்கொண்டிருந்தார். இறந்த பின்னும் தவறை ஒப்புக்கொண்ட தொழிலதிபர் என்று தலைப்பு இருந்தது. செய்தி ஆசிரியர் நல்ல செய்தி என்றார். ‘குடிபோதையில்’ என்ற சொல் உள்ளே ஓரிடத்தில் வந்தது. பீமாராவ் அதை மட்டும் எடுத்துவிட்டுப் பக்கம் அமைக்கிறவர்களுக்கு அனுப்பினான். ‘சைடு ஸ்டாண்ட்’ எழுதவில்லை. அந்த இடத்தில் ஒரு பயிற்சி மையத்தின் விளம்பரம் போனது. யாரும் கேட்கவில்லை.

மதியம் முத்துச்செல்வி கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சோற்றைச் சாப்பிட்டான். கருப்பு போன் செய்தான். மதினி காலையிலேயே வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னான். ஐயா துண்டைத் திருப்பிக் கொடுக்கப் போனதாகவும், நீங்களே வச்சுக்கங்கண்ணே என்று ராம்கி சொல்லிவிட்டதாகவும் சொன்னான். பிறகு, ஒத்தக்கடையில் பிளாட் போடுகிற ஒருவர் கூப்பிட்டார், அவர் அப்பாவுக்கு அடுத்த மாதம் வருஷத் திதியாம் என்றான். அவர் அப்பா லேசாகத் திக்கிப் பேசுவாராம். எழுதித் தர முடியுமா என்று கேட்டான்.

பீமாராவ் பார்ப்போம் என்றான்.

வீட்டுக்கு வந்தபோது கரண்ட் இல்லை. மாடிக்குப் போய்க் காய்ந்த துணிகளை எடுத்து வந்தான். முத்துச்செல்வி அவற்றை மடித்து வைத்தாள்.